தண்ணீரைக் கணக்கிட்டுப் புறப்படுவோம்

அறுகம்பையில் அலைச்சறுக்குக் காலம் மே மாதத்திலிருந்து ஒக்டோபர் வரை. பொத்துவிலுக்கு வெளிநாட்டவர் வருவதும் அந்த மாதங்களில்தான். அலை குறைந்த நாளொன்றில் அவர்களுக்குக் காடும் மலையும் பார்க்கும் ஆசை வருகிறது. கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து இளைஞர்களும் ஓகஸ்ட் விடுமுறையில் வேன் பிடித்துப் பாணமைப் பக்கம் போகிறார்கள். குடும்பிகல மலையில் ஏறலாம், உகந்தைக்குப் போகலாம், நேரமிருந்தால் கூமுனையையும் எட்டிப் பார்க்கலாம் என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் அடுக்குகிறார்கள். ஆசையில் குற்றமில்லை. கடலுக்கு நல்ல பருவம் நடைக்கும் நல்ல பருவம்தான் என்று எண்ணிக்கொள்வதில்தான் ஆபத்து இருக்கிறது. இந்தக் கரையில் இரண்டும் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. அலை உயரும் மாதங்களில் குளம் வற்றுகிறது. குளம் நிரம்பும் மாதங்களில் கடல் கொந்தளிக்கிறது. ஆகவே இங்கே ஒரு பகல் நடையைத் திட்டமிடுகிறவர் ‘எங்கே போகலாம்’ என்று கேட்பதற்கு முன்னால் இரண்டு கேள்விகளுக்கு விடை தேடிக்கொள்ள வேண்டும். வழியில் தண்ணீர் எங்கே? எத்தனை மணிக்குத் திரும்பத் தொடங்க வேண்டும்? போகும் இடம் மூன்றாவதாக, இந்த இரண்டும் அனுமதிக்கிற அளவுக்குள் முடிவாக வேண்டும்.

மலையேற்றம் பற்றி இன்று நம் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் பார்ப்பதெல்லாம் பெரும்பாலும் பனிமலை ஏரிகள். இமயத்திலும் அல்ப்ஸ் மலையிலும் நீலமும் பச்சையும் கலந்து கிடக்கும் அந்த ஏரிகளுக்குக் காலையில் ஏறி மாலையில் இறங்கும் பயணம் உலகெங்கும் பெயர்பெற்றது. அந்த நாடுகளில் பனிப்பாறைதான் நீர்த்தேக்கம். மாரியில் விழுந்த பனி மலைமேல் இறுகிக் கிடந்து, கோடை வெயிலில் உருகி ஓடையாக இறங்குகிறது. வெயில் ஏற ஏற ஓடையில் தண்ணீர் கூடும். காலையில் கணுக்கால் நனையக் கடந்த ஓடை பிற்பகலில் தொடையளவு பாய்வதும் அதனால்தான். நடப்பவருக்கு அங்கே தாகம் பெரிய சிக்கலாவதில்லை. மிஞ்சிப்போன தண்ணீர், குளிர், உயரத்தில் மெலிந்துபோன காற்று ஆகியவையே அங்குள்ள இடர்கள். உத்தரகண்டில் 4,000 மீற்றருக்கும் மேலே இருக்கும் ஹேம்குண்ட் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். சீக்கியர்களின் புனித இடமான அங்கே காங்கரியா என்ற சிற்றூரிலிருந்து 6 கிலோமீற்றர் நடந்து, 1,000 மீற்றருக்கும் அதிகமாக ஏற வேண்டும். ஆண்டுதோறும் பெருந்தொகையானோர், முதியவர்கள் உட்பட, ஒரே பகலில் ஏறி இறங்குகிறார்கள். ஏரிக்கரையில் இரவு தங்க யாருக்கும் அனுமதியில்லை. பிற்பகலிலேயே எல்லோரும் இறங்கத் தொடங்கிவிட வேண்டும். அந்த ஒரு விதியைச் சுற்றித்தான் அங்கே முழு நாளும் வகுக்கப்படுகிறது. புறப்படும் நேரம், இளைப்பாறும் நேரம், ஏரிக்கரையில் இருக்கும் நேரம் எல்லாமே இறங்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணப்பட்டவை.

இந்தக் கட்டுப்பாடு வீண் கெடுபிடியல்ல என்பதற்கு 2024 ஜூனில் ஒரு கொடிய சான்று கிடைத்தது. அதே உத்தரகண்டில் சஹஸ்திர தால் என்ற மலையேரிக்குச் சென்ற 22 பேர் கொண்ட குழு, ஏரியைப் பார்த்துவிட்டு முகாமுக்குத் திரும்பும் வழியில் பனிப்புயலில் சிக்கியது. பெரும்பாலோர் கர்நாடகத்தவர். 9 பேர் இறந்தார்கள். அவர்கள் போக நினைத்த இடத்தைப் போய்ச் சேர்ந்தவர்கள். உயிர் போனது திரும்பும் வழியில். ஏரியே உடைப்பெடுத்த நிகழ்ச்சியும் உண்டு. 2013 ஜூன் 17 காலை, கேதார்நாத்துக்கு மேலேயிருந்த சோராபாரி ஏரியின் கரை தகர்ந்து இறங்கிய வெள்ளம் அந்தக் கோயில் நகரையே அள்ளிக்கொண்டு போனது. நடைப்பயணிகள் எவ்வளவு கவனமாக இருந்தாலும் அப்படிப்பட்ட பேரழிவைத் தடுக்க முடியாது, உண்மைதான். ஆனால் ஒரு நிலப்பரப்பில் தண்ணீர் எங்கே தேங்குகிறது, எப்போது அசைகிறது என்பதை அறியாமல் அங்கே நடப்பதன் பொருள் என்ன என்பதை அது காட்டியது.

நம் பக்கத்துக்கு வருவோம். இங்கே பனியில்லை, மலைமேல் உறைந்திருந்து கோடையில் இறங்கிவரும் நீரும் இல்லை. வாடைக்காற்று கொண்டுவரும் மாரிமழை நவம்பர் முதல் ஜனவரி வரை பெய்து குளம், வில்லு, களப்பு எல்லாவற்றையும் நிரப்புகிறது. பிறகு மே மாதத்தில் கச்சான் தொடங்குகிறது. தென்மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று மேற்கு மலைச்சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே இறங்கும்போது காய்ந்து சூடேறி வருகிறது. இரத்தினபுரியில் வெள்ளம் என்று வானொலி சொல்லும் அதே நாளில் பாணமை வெட்டையில் புல் கருகுவது அதனால்தான். கச்சான் வீசும்போது இன்னொன்றும் நடக்கிறது. வியர்வை தோலில் நிற்பதில்லை, வந்தவுடன் காய்ந்துவிடுகிறது. சட்டை நனையாததால் உடல் நீர் இழக்கிறது என்பது நடப்பவருக்குத் தெரிவதில்லை. தலை கனத்து, பேச்சுக் குறைந்து, சிறுநீர் மஞ்சளாகும்போதுதான் தெரியவருகிறது. அந்த நேரம் அருகில் தண்ணீர் இருக்க வேண்டுமே! கூமுனை வில்லு கும்புக்கன் ஓயாவிலிருந்து ஒரு வாய்க்கால் வழியாக நீர் பெறுகிறது. ஊவா மலைகளில் பிறந்துவரும் ஆறு என்பதால் மலைநீர் வந்து சேரும் ஏரி என்று அதைச் சொல்லலாம். ஆனாலும் ஜூலை, ஓகஸ்டில் ஆறு மெலிந்து மணல் தெரியக் கிடக்கும். வில்லின் ஓரத்தில் எருமையும் யானையும் கலக்கிய சேற்றுநீரும், அதில் முதலையும் இருக்கும். உகந்தை மலைப் பாறைக் குழிகளில் தேங்கும் சுனைகளும் மழையை மட்டுமே நம்பியவை. பங்குனியில் தெளிந்து நிற்கும் சுனை, மாரி தொடங்கும் முன் பாசி படிந்த கசடாகிவிடும்.

இப்போது கணக்கைப் பார்க்கலாம். வெயிலில் உடலுழைப்புச் செய்பவர் 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு குவளை, அதாவது ஏறக்குறைய கால் லீற்றர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது தொழிற்பாதுகாப்பு வல்லுநர்கள் தரும் அளவு. மணிக்கு முக்கால் லீற்றரிலிருந்து ஒரு லீற்றர் வரை ஆகிறது. 8 மணி நேரம் வெளியில் இருப்பதென்றால் குறைந்தது 6 லீற்றர். ஒரு லீற்றர் ஒரு கிலோ. 6 கிலோ தண்ணீரை முதுகில் சுமந்துகொண்டு மணலில் நடப்பவருக்கு அந்தச் சுமையே இன்னும் கொஞ்சம் தாகத்தைத் தரும். இரண்டு பேர் சேர்ந்து ஒன்றரை லீற்றர்ப் போத்தல் ஒன்றை வாங்கிக்கொண்டு புறப்படுவது எவ்வளவு தவறு என்பது இதிலிருந்தே தெரியும். தேவையான முழுத் தண்ணீரையும் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது என்பதும் தெரியும். ஆகவே இருக்கும் வழிகள் இரண்டு. ஒன்று, தண்ணீர் உள்ள இடத்திலிருந்து தண்ணீர் உள்ள இடத்துக்கு நடப்பது. மற்றது, வெயில் ஏறும் மணிகளில் நடக்காமலிருப்பது. இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும்.

இதைக் கேட்டதும் நம் ஊரில் முதலில் எழும் மறுப்பு: “முன்னோர்கள் கதிர்காமத்துக்கு இதே காட்டு வழியில் வெறுங்காலோடு நடந்தார்களே, அவர்கள் எந்தக் கணக்குப் போட்டார்கள்?” மதிப்போடு பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. யாழ்ப்பாணத்துச் செல்வச் சந்நிதியிலிருந்து கிழக்குக் கரையோரமாக வரும் பாதயாத்திரிகர்கள் பொத்துவிலைத் தாண்டி, பாணமை வழியாக உகந்தை முருகன் கோயிலில் கூடுகிறார்கள். அங்கிருந்து கூமுனை, நாவலடி, வியாழை, வள்ளியாறு, கட்டகாமம் என்று காட்டைக் கடக்கிறார்கள். வனப்பாதை ஆண்டில் குறித்த சில நாட்களுக்கு மட்டுமே திறக்கப்படுகிறது. அந்த நடையை உற்றுப் பாருங்கள். தங்குமிடங்கள் எல்லாம் தண்ணீரை ஒட்டியவை. விடியுமுன் நடக்கிறார்கள்; உச்சிவெயிலில் மரநிழலில் சமைத்து உண்டு படுக்கிறார்கள். வற்றிய ஆற்றில் கை ஆழத்துக்கு மணலைத் தோண்டிப் பூவல் எடுக்கிறார்கள். முதலில் ஊறும் கலங்கலை இறைத்துவிட்டுக் காத்திருந்தால், மணல் வடித்துக் கொடுக்கும் தெளிநீர் மெல்ல ஊறி வரும். முன்னே வழிதெரிந்தவர், பின்னே தளர்ந்தவர்களைப் பார்த்துக்கொள்பவர் என்று கூட்டமாகப் போகிறார்கள். பையில் நாள்பட்டாலும் கெடாத பொரிவிளாங்காய் இருக்கிறது. இதைவிட நுட்பமான திட்டம் வேறென்ன வேண்டும்? எழுதி வைக்கப்படவில்லை என்பதால் அது கணக்கில்லாத நடை ஆகிவிடாது. இன்றைக்குத் தாங்கிகளும் பவுசர்களும் வைத்து யாத்திரிகர்களுக்குத் தண்ணீர் கொடுக்கிறார்கள் என்பதே, பக்தி எவ்வளவு இருந்தாலும் இந்த வழியில் தண்ணீரே முதல் ஏற்பாடு என்பதை ஒப்புக்கொள்வதுதான்.

முஸ்லிம்களின் மரபிலும் இதற்குச் சான்று இருக்கிறது. 1344ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, பாவா ஆதம் மலைக்கு ஏறிய பாதையை விரிவாக எழுதிவைத்தார். பாறையில் பிடித்தேறும் சங்கிலிகளையும், அவற்றைக் கடந்தபின் வரும் ஹிழ்ர் நபியின் பெயர்கொண்ட குகையையும் அவர் குறிப்பிடுகிறார். குகையின் அருகே மீன்கள் நிறைந்த நீரூற்று ஒன்று இருந்தது. யாத்திரிகர்கள் தங்கள் உடைமைகளை அந்தக் குகையில் இறக்கி வைத்துவிட்டு, எஞ்சிய தூரத்தை வெறுங்கையோடு ஏறினார்கள் என்பது அவர் தரும் செய்தி. தண்ணீர் இருக்கும் இடத்தில் சுமையை இறக்கு, உச்சிக்கு இலகுவாகப் போ, அதே தண்ணீருக்குத் திரும்பி வா. இன்றைய மலையேற்றப் பயிற்சியாளர்கள் சொல்வதும் இதைத்தான். கதிர்காமத்திலும் ஹிழ்ர் நபியை நினைவுகூரும் பள்ளிவாசல் இருக்கிறது. ஜீவநீரோடு சேர்த்துப் பேசப்படும் ஒருவரின் நினைவு இந்த யாத்திரை வழிகளின் ஓரத்தில் இரண்டு இடங்களில் நிலைத்திருப்பது, நடந்தவர்களின் மனத்தில் எது முதன்மையாக இருந்தது என்பதைச் சொல்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அடுத்தது திரும்பும் நேரம். ஸ்கொட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892இல் ஒரு எளிய அளவைக் கொடுத்தார். 5 கிலோமீற்றர் தூரத்துக்கு ஒரு மணி நேரம், 600 மீற்றர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். உடல்வலுவுள்ளவருக்கு, குளிர்ந்த நாட்டில், நல்ல பாதையில் பொருந்தும் அளவு அது. உகந்தைப் பக்கத்து மணலிலும் வெயிலிலும் ஏற்றம் ஒரு பொருட்டல்ல. மணலும் சூடும்தான் நேரத்தைத் தின்கின்றன. அதே 5 கிலோமீற்றருக்கு ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குவதே புத்தி. வெளிநாட்டவர் இன்னொன்றிலும் ஏமாறுகிறார்கள். ஐரோப்பியக் கோடையில் இரவு 9 மணிவரைகூட வெளிச்சம் இருக்கும். இங்கே ஆண்டு முழுவதும் 6 மணியை ஒட்டியே சூரியன் மறைகிறது. அந்திவெளிச்சமும் அரைமணிக்கு மேல் நிற்பதில்லை. மாலை 5 மணிக்கு ‘இன்னும் பகல் நிறைய இருக்கிறது’ என்று நினைப்பவர் 6.30க்கு இருட்டில் நிற்பார். அது யானை வெளியே வரும் நேரம். வறட்சியில் எங்கே தண்ணீர் எஞ்சியிருக்கிறதோ அங்கேதான் யானையும் வரும். ஓகஸ்டில் லாகுகலைக் குளத்தில் யானைகள் கூட்டமாகத் திரள்வதைப் பார்க்கச் சனம் கூடுவது இதனால்தான். ஆக, பகலில் நமக்கு அடைக்கலமான நீரோரம் மாலையில் அவற்றின் இடம். ஜூன், ஜூலையில் பாலைப்பழம் பழுத்து விழும்போது கரடியும் அந்த மரத்தடிகளுக்கு வரும். நிழல் நல்லது என்று பழம் உதிர்ந்து கிடக்கும் பாலைமரத்தின் கீழ் பாயை விரிப்பதற்கு முன் சுற்றிலும் பார்க்க வேண்டும்.

“தொலைபேசியில் வரைபடம் இருக்கிறதே” என்பது இளைஞர்களின் வாதம். பாதையைக் காட்டும் வரைபடம் அந்தப் பாதையில் இருக்கும் குளத்தில் இந்த வாரம் தண்ணீர் உண்டா என்பதைக் காட்டாது. பாணமைக்கு அப்பால் சமிக்ஞையை நம்பவும் முடியாது. 1990 அம்புலன்ஸ் சேவையை அழைப்பதற்கும் முதலில் சமிக்ஞை கிடைக்கும் இடத்துக்கு வர வேண்டும். பிறகு பொத்துவில் ஆதார வைத்தியசாலைவரை வர வேண்டும். உகந்தையிலிருந்து அது ஏறக்குறைய 30 கிலோமீற்றர், அதில் பாணமைவரை கரடுமுரடான கிரவல் வீதி. வெயில் தாக்கி மயங்கியவருக்கு அந்தத் தாமதம் உயிரோடு விளையாடுவதற்குச் சமம். தமிழ்நாட்டில் 2018 மார்ச் 11 அன்று, கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கும் வழியில் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்களே, அவர்களில் பலர் படித்த, தொலைபேசி வைத்திருந்த நகரத்து இளைஞர்கள். காய்ந்த பருவத்தில் காய்ந்த புற்சரிவில் இறங்கலாமா என்ற கேள்விக்குத் தொலைபேசியிடம் பதில் இருக்கவில்லை. அதன்பின் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024இல் வனத்துறையே 40 பாதைகளைத் தேர்ந்து, முன்பதிவும் உள்ளூர் வழிகாட்டியும் கட்டாயம் என்று திறந்துவிட்டது. தாமதமாக வந்தாலும் நல்ல ஏற்பாடு.

எல்லாவற்றையும் முன்கூட்டியே வரைந்துவிட்டால் பயணத்தின் இன்பமே போய்விடும் என்பவர்களும் உண்டு. கும்புக்கன் ஓயாக் கரையில் ஒரு கும்புக்கு மரத்தடியில் ஒரு மணி நேரம் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருப்பது இன்பம்தான், மறுக்கவில்லை. ஆனால் தண்ணீர் போதுமா, இருட்டிவிடுமா என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருப்பவரால் அப்படி உட்கார முடியாது. எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்று காலையிலேயே முடிவு செய்தவருக்குத்தான் அந்த ஒரு மணி நேரம் முழுதாகச் சொந்தம்.

அப்படியானால் பொத்துவிலிலிருந்து ஒரு நாள் எப்படி இருக்கலாம்? கூமுனை வில்லுக்கு நடந்து போகும் எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். அது தேசிய பூங்கா. யாத்திரைக் காலத்துக்கு வெளியே வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியோடு வாகனத்தில்தான் போக முடியும், அந்தக் கட்டுப்பாடு நியாயமானதும்கூட. நடப்பதற்குக் குடும்பிகலவும் உகந்தையும் போதும். ஸுபஹ் தொழுகை முடிந்ததும் புறப்பட்டால் வெளிச்சம் பரவும்போது பாணமையைக் கடந்துவிடலாம். வழியில் யானை நின்றால் வாகனத்தை நிறுத்திப் பொறுத்திருக்க வேண்டும். ஹோன் அடிக்கவோ இறங்கிப் படமெடுக்கவோ கூடாது. குடும்பிகல ஒரு தவப்பள்ளி. கிறிஸ்துவுக்கு முற்பட்ட பிராமி எழுத்துகள் பொறித்த குகைகள் அங்கே இருக்கின்றன. பிக்குகள் தியானத்தில் இருக்கும் இடம் என்பதால் அடக்கமான உடையும் தாழ்ந்த குரலும் வேண்டும். உச்சிப் பாறையில் உருளை வடிவத் தாதுகோபம் ஒன்று இருக்கிறது. அங்கிருந்து காடு, வெட்டை, களப்பு, கடல் நான்கும் ஒரே பார்வையில் விரியும். ஏறுவதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. அதனால்தான் பலர் தாமதமாகப் போகிறார்கள். 11 மணிக்கு அந்த மொட்டைப் பாறை கொதிக்கும். செருப்பைக் கழற்ற வேண்டிய இடங்களில் பாதம் வைக்க முடியாது. 9 மணிக்குள் இறங்கிவிட வேண்டும். பிறகு உகந்தைக்குப் போய், கோயிலை ஒட்டிய மலையில் சுனைகளைப் பார்த்துவிட்டு, வெயில் ஏறுமுன் நிழலுக்கு வந்துவிடலாம். சோற்றுப் பார்சல், பேரீச்சம்பழம், தேசிக்காயும் உப்பும், ஆளுக்கு இரண்டு ஜீவனிப் பக்கற். வாகனத்தில் ஆளுக்கு 6 லீற்றர்த் தண்ணீர் இருக்கட்டும். தோளில் 2 லீற்றர் போதும், ஏனென்றால் ஒவ்வொரு நடையும் வாகனத்துக்கே திரும்பி வருகிறது. ளுஹரைத் தொழுது, சாப்பிட்டு, இளைப்பாறி, 3 மணிக்குப் புறப்பட்டால் அஸருக்கு ஊருக்குள் வந்துவிடலாம். வெற்றுப் போத்தல்கள் எல்லாம் கூடவே திரும்ப வேண்டும். யாத்திரை முடிந்தபின் அந்தக் காட்டோரங்களில் பிளாஸ்ரிக் குவிந்து கிடப்பது நம் எல்லோருக்கும் வெட்கக்கேடு.

“தண்ணீர்தான் சிக்கல் என்றால் மாரியில் போனால் என்ன?” என்று கேட்கலாம். டிசம்பரில் ஹெட ஓயா பெருகி, கிரவல் வீதி அறுந்து, பாறையும் வழுக்கும். பெப்ரவரி, மார்ச்தான் இந்தப் பக்கத்தின் நடைப் பருவம் என்பது என் உறுதியான கருத்து. மழை ஓய்ந்திருக்கும், சுனையும் குளமும் நிறைந்திருக்கும், காடு பச்சையாக இருக்கும், கச்சான் தொடங்கியிருக்காது. அந்த மாதங்களில் அறுகம்பையில் விடுதிகள் வெறிச்சோடிக் கிடக்கின்றன. அலைக்காலத்தில் மட்டும் உழைத்து மற்ற மாதங்களில் கையைப் பிசைந்துகொண்டிருக்கும் ஓட்டோச் சாரதிகளுக்கும் ஜீப்காரர்களுக்கும் இது வருமானத்துக்கான வழி. கடலும் காடும் அறிந்த நம் இளைஞர்களுக்கு முதலுதவிப் பயிற்சி கொடுத்து, வனஜீவராசிகள் திணைக்களத்தின் ஒப்புதலோடு வழிகாட்டிகளாக்குவது பொத்துவில், லாகுகலைப் பிரதேச செயலகங்கள் சேர்ந்து செய்யக்கூடிய வேலை. அதற்கு முன்னால், செலவே இல்லாத ஒன்றை நாளையே செய்யலாம். பாணமைச் சந்தியில் ஒரு கரும்பலகையை நிறுத்தி, எந்தக் குளத்தில் இந்த வாரம் தண்ணீர் இருக்கிறது, யானை கடைசியாக எங்கே நின்றது, உகந்தையிலிருந்து எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்ற மூன்றையும் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி, காட்டுக்குள் போய்வரும் மாட்டுக்காரர்களிடமும் மீனவர்களிடமும் கேட்டு வாரம்தோறும் திருத்திவரலாம்.